வெயில் அடிக்காத மேஸ்திரி

வெயில் எல்லோரையும் அடிக்கும். ஒரு சிலரை மட்டும் அடிக்காது. அவர்கள் மேல் சும்மா விழும், அவ்வளவுதான். இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரே நாக்குத் தள்ளி நிழல் தேடுகிற நடுப்பகலில், இடுப்பில் கை வைத்து நின்று, வானத்தை அடுத்த வீட்டு நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்பவர்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். பதில் அவர்களிடமே இருக்கிறது. ஏதோ ஒரு வருடத்தில் அடித்தது, அதுதான் வெயில். அதற்கு முன்னாலும் பின்னாலும் அடித்ததெல்லாம் வெளிச்சம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். இந்த இனம் தனியாக வாழாது. பக்கத்தில் வேலை செய்ய நாலு பேர் இருந்தால்தான் வாழும். தன்னந்தனியாக வெயிலில் மாட்டிக்கொண்டவன் எவனும் இது ஒரு வெயிலா என்று கேட்டதில்லை. கேட்க யார் இருக்கிறார்கள்?

எவால்ட் பிரென்னைசன் இந்த இனத்தில் முதல் தரம். ரைன் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் ஒன்றில் கூரை வேலை மேஸ்திரி. வயது ஐம்பத்தெட்டு, அதில் நாற்பது வருடம் கூரை மேல். தோள் அகலம், மீசை அடர்த்தி, குரல் கீழ்த் தெருவரை கேட்கும். அவருடைய வருடம் இரண்டாயிரத்து மூன்று. அந்த ஆகஸ்டில், அவர் சொல்வதை நம்பினால், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மதியத்துக்கு ஒரே ஒரு பாட்டில் பீரை மட்டும் குடித்துவிட்டு, தேவாலயக் கோபுரம் முழுவதற்கும் அவர் ஓடு வேய்ந்து முடித்திருக்கிறார். முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னபோது அன்றைய சூடு முப்பத்தெட்டு டிகிரி. வருடத்துக்கு ஒரு டிகிரி அதில் ஏறிக்கொண்டே வருகிறது. இன்னும் கொஞ்ச காலம் அவரை விட்டுவைத்தால் அந்தக் கோடையில் ரைன் ஆறே கொதித்திருக்கும்.

அவரிடம் வேலை செய்தவர்கள் பலர். நம் கதைக்கு இரண்டு பேர் போதும். ஒருத்தி இல்கா ஷ்ட்ராவுப், முப்பத்துநாலு வயது, அதிகம் பேசாதவள், ஓடு வைத்தால் நூல் பிடித்ததுபோல் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை நிறுத்தி நாலு வாய் தண்ணீர் குடிப்பாள். அதற்காக எவால்ட் அவளுக்கு மீன் என்று பெயர் வைத்திருந்தார். "மீனுக்குத் தண்ணி வெச்சீங்களாப்பா?" என்று காலையில் கேட்பது அவருடைய வணக்கம். இல்கா சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். குடிப்பாள்.

மற்றவன் கெர்னோட் ஹாவுக். நாற்பத்தொரு வயது, காளை மாதிரி உடம்பு. எவால்ட் ஓய்வு பெற்றால் மேஸ்திரி நாற்காலி அவனுக்குத்தான் என்று ஊரே பேசிக்கொண்டது, அவனும் நம்பினான். அதனால் மேஸ்திரி தண்ணீர் குடிக்காத நேரத்தில் அவனும் குடிக்க மாட்டான். மேஸ்திரி உட்காராதபோது உட்கார மாட்டான். மேஸ்திரி தொப்பி போட மாட்டார். அவனுடைய மொட்டைத் தலை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பக்தி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் சாமி எங்கே நிற்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

சாமி நிழலில் நின்றது.

இதை எவால்டே அறிந்ததில்லை என்பதுதான் விஷயம். பொய் சொல்கிறவராக இருந்தால் பரவாயில்லை. அவர் உண்மையாகவே நம்பினார். மேஸ்திரி என்றால் நாலு இடத்துக்கும் போகவேண்டும். ஓடு ஏற்றும் லிப்ட் வடக்குப் பக்கம் இருக்கும், அங்கே நின்று மேற்பார்வை பார்க்கவேண்டும். செங்குத்தான பழைய கூரைகளில் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல். பத்து மணிக்கு வேனுக்குள் போய் போன் பேசவேண்டும். போன் பேச எஞ்சின் ஓடவேண்டும், எஞ்சின் ஓடினால் ஏசி தானாக ஓடும். பதினோரு மணிக்கு மரக்கடைக்குப் போகவேண்டும். மனைவி ஓட்டிலீ கொடுத்தனுப்பும் ஆப்பிள் சாறு கலந்த சோடா இரண்டு பாட்டிலும் அந்தப் போன்களுக்கு நடுவே எப்படியோ காலியாகிவிடும். இத்தனை வேலைக்குப் பிறகு மறுபடி மேலே வந்து, தெற்குச் சரிவில் ஓடு வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்பார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

அந்த ஜூலையில் ஊரின் பழைய தானியக் கிடங்கு ஒன்றை நூலகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கூரை போடும் வேலை. வாரத்தின் தொடக்கத்திலேயே வானிலைக்காரர்கள் செவ்வாய்க்கிழமை முப்பத்தாறு டிகிரி என்று சொல்லிவிட்டார்கள்.

முப்பத்தாறு. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் அதற்கு முந்தின வாரம் அங்கே பத்தொன்பது. வீட்டுக்கு வீடு சுவர்கள் குளிர்காலத்துச் சூட்டை உள்ளே பூட்டி வைக்கவென்றே கட்டியவை. கோடையிலும் அதே விசுவாசத்தோடு பூட்டி வைக்கும். மின்விசிறி என்பது கடையில் விற்றுத் தீர்ந்துபோகிற சாமான். ராத்திரி தூங்காத உடம்போடு காலையில் கூரை ஏறுகிறவனுக்கு, கீழேயிருந்து ஓடு சுடும், மேலேயிருந்து சூரியன் சுடும், நடுவில் அவன்.

கம்பெனி முதலாளியம்மா இசோல்ட மாட்டர்ன் விவரம் தெரிந்தவர். ஒரு நிழல் பந்தல், பன்னிரண்டு பன்னிரண்டாகத் தண்ணீர் பாட்டில் அடுக்கிய பெட்டிகள், பின்கழுத்தை மறைக்கும் துணி வைத்த தொப்பிகள், கூடவே ஆறு விதிகள் அச்சடித்த ஒரு தாள், எல்லாவற்றையும் திங்கட்கிழமையே அனுப்பிவிட்டார். ஆறு மணிக்கு வேலை தொடங்கி ஒரு மணிக்கு முடித்துவிட வேண்டும் என்று போனிலும் சொன்னார். எவால்ட் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பந்தலைப் பிரிக்காமலே வேனின் பின்பக்கம் சாய்த்து வைத்தார். தொப்பிகளைப் பார்த்து, பாலைவனத்துக்கா போகிறோம் என்று கேட்டார். தாளை இரண்டாக மடித்தார். நல்ல கனமான தாள். விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை இல்கா தண்ணீர்ப் பெட்டியை லிப்டில் ஏற்றப் போனாள். லிப்ட் ஓடு ஏற்றுவதற்கு, மீன் தொட்டி ஏற்றுவதற்கு அல்ல என்று எவால்ட் சொல்லி, பெட்டியைத் திரும்ப வேனிலேயே வைக்கச் சொன்னார். கெர்னோட் சிரித்தான். அவன் இரண்டு வாரம் நார்வேயில் படகில் போய் மீன் பிடித்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தான். அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தெற்குச் சரிவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தானாகவே முன்வந்தான். எவால்ட் அவன் முதுகில் தட்டினார். இல்கா தன் இடுப்பில் சொருகிய ஒரு பாட்டிலோடு அவனுக்குப் பக்கத்து வரிசைக்குப் போனாள். பத்து மணிக்கு அதில் பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வடக்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினான்.

பதினொன்றரைக்கு அவன் ஓட்டைத் தலைகீழாக வைத்தான். இல்கா எடுத்துத் திருப்பி வைத்தாள். அடுத்ததையும் தலைகீழாக வைத்தான். இல்கா அவன் முகத்தைப் பார்த்தாள். முகம் சிவந்து காய்ந்திருந்தது. காலையில் சொட்டச் சொட்ட வேர்த்த மனிதனுக்கு இப்போது நெற்றியில் ஒரு துளி இல்லை.

அவன் அவளிடம், படகை எங்கே கட்டினாய் என்று கேட்டான்.

முகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைக் கேட்ட எவால்ட் சத்தமாகச் சிரித்தார். மீன் என்று பெயர் வைத்தது அவர்தானே. கெர்னோட் அதை வைத்து ஜோக் அடிக்கிறான் என்று நினைத்தார். பதிலுக்கு ஒரு ஜோக் சொல்லலாம் என்று முகட்டைத் தாண்டித் தலையை நீட்டினார். கெர்னோட் இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டு, கூரையின் சாரம் கட்டாத ஓரத்தை நோக்கி, தண்ணீருக்குள் இறங்குகிறவனைப்போல நிதானமாக நடந்துகொண்டிருந்தான். கீழே மூன்று மாடி.

எவால்ட் கத்த வாயைத் திறந்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரல் கீழ்த் தெருவுக்குக் கேட்கவில்லை. இல்கா ஓடவில்லை, கத்தவில்லை. பின்னாலிருந்து அவனுடைய இடுப்பு வார்ப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தன் உடம்பு முழுவதையும் ஓட்டின் மேல் சாய்த்தாள். அவன் உட்கார்ந்தான். பிறகு படுத்தான்.

எவால்ட் வந்து சேர்வதற்குள் அவனைச் சரிவு வழியாக இழுத்து, கூரை விளிம்பை ஒட்டியிருந்த சாரப் பலகையில் கிடத்தியிருந்தாள். சாரத்துத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த இனத்தின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

"ஒண்ணுமில்லம்மா. சர்க்கரை கொறஞ்சிருக்கும். ஒரு கோலா குடுத்தா எந்திரிச்சிருவான்," என்றார் எவால்ட்.

"அவன் நெஞ்சத் தொட்டுப் பாருங்க மேஸ்திரி," என்றாள் இல்கா.

தொட்டார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டவர்போல் கையை எடுத்தார்.

"வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, பொறை ஏறிடும். மேல ஊத்தணும். தண்ணி எங்க?"

தண்ணீரை வேனிலேயே வைக்கச் சொன்னது யார் என்பது இருவருக்கும் தெரியும். அவர் திரும்பிச் சாரத்தின் ஏணியில் இறங்கினார். லிப்டில் ஒரு வண்டி ஓடு பாதி வழியில் நின்றிருந்தது. ஆகவே பெட்டியைத் தோளில் தூக்கி, மூன்று மாடியும் ஏறினார். இரண்டாவது மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெற்குப் பக்கத்துச் சாரக் குழாயைப் பிடித்து நிற்கலாம் என்று கை வைத்தார், வைக்க முடியவில்லை. இந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் ஆட்கள் காலையிலிருந்து ஏறி இறங்கினார்களா என்று அவருக்கு அப்போது தோன்றியது. பெட்டியை வைத்துவிட்டு இன்னொன்றுக்கு மறுபடி இறங்கினார்.

இல்கா அவசர எண் நூற்றுப்பன்னிரண்டுக்குப் போன் போட்டிருந்தாள். கெர்னோட்டின் சட்டையைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, பாட்டில் பாட்டிலாக அவன் கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் உடனே காய்ந்தது. விசிறச் சொன்னாள். எவால்ட் சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்து விசிறினார். விசிறிக்கொண்டே இருந்தார். தாள் முகத்துக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்ததால், வேறு வழியில்லாமல் அதில் எழுதியிருந்ததைப் படிக்க நேர்ந்தது. ஆறாவது விதி: விடுப்பு முடிந்து வந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் முதல் சில நாட்கள் வெயிலில் பாதி வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள், உடம்பு பழகியிருக்காது.

தீயணைப்பு வண்டி நீண்ட ஏணியோடு வந்து அவனை இறக்கிக்கொண்டு போயிற்று. உடம்புச் சூடு நாற்பத்தொன்றை நெருங்கியிருந்தது என்றும், தண்ணீர் ஊற்றியவர்கள் இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் தான் வேறு விதமாகப் பேசியிருப்பேன் என்றும் மருத்துவர் முதலாளியம்மாவிடம் சொன்னார். முதலாளியம்மா எவால்டிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: பந்தல் எங்கே? அவர் வேனைக் காட்டினார். 

அன்று மாலை ஓட்டிலீ கேட்டதற்கு, ஒருத்தனுக்கு முடியாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். சாப்பிடவில்லை. தோட்டத்துக் குழாயடியில் போய்த் தலையை நனைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனார். போகும் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்தார். உன்னை யார் தண்ணீர் குடிக்கவேண்டாம் என்றது என்பது ஒரு வாக்கியம். வெயில் முன்னே மாதிரி இல்லை என்பது ஒன்று. தொப்பியைப் போட்டிருக்கலாமே என்பது மற்றொன்று. எல்லாம் நல்ல வாக்கியங்கள். எதிலும் அவர் இல்லை. கெர்னோட் கையில் ஊசியும் குழாயுமாகப் படுத்திருந்தான். இரண்டு நாளில் கன்னம் வற்றியிருந்தது. அவரைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க மேஸ்திரி. உங்க மானத்த வாங்கிட்டேன்."

எவால்ட் தயார் செய்த வாக்கியங்களைத் தேடினார்.  மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். பிறகு இந்தப் பக்கம் வைத்தார்.

"நான் வடக்குப் பக்கம் நின்னேன்டா," என்றார் கடைசியில். "எப்பவுமே வடக்குப் பக்கந்தான் நிக்கிறேன். செவ்வாக்கெழமதான் தெரிஞ்சுது."

கெர்னோட் அவரைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அது எல்லாருக்கும் தெரியுமே மேஸ்திரி. நீங்க மேஸ்திரி, அதான் நிக்கிறீங்கன்னு நெனச்சோம்."

பாருங்கள், ஒரு மனிதரை இதைவிட மரியாதையாக யாரும் அறைய முடியாது. தான் யாரையும் ஏமாற்றவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமும் ஏமாந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மீசை வைத்திருந்தார். ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னார். தப்பு என் மேலதான் என்று சொன்னதாகக் கெர்னோட் பிறகு சொன்னான். சத்தம் மிகவும் குறைவாக இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னான்.

வெள்ளிக்கிழமையும் வெயில்தான். ஆட்கள் ஆறு மணிக்கு வந்தபோது பந்தல் விரித்து நிறுத்தியிருந்தது, தண்ணீர்ப் பெட்டிகள் மேலே போயிருந்தன. முதல் சுற்று ஓட்டுக்குத் தெற்குச் சரிவில் எவால்டே ஏறினார். தலையில் கழுத்துத் துணி வைத்த தொப்பி. பார்க்க, வேண்டாவெறுப்பாகப் படம் எடுத்துக்கொண்ட மணப்பெண் மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, சிரிப்பை எல்லோரும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார்கள். ஏழே முக்காலுக்கு அவர் கீழே இறங்கி, பந்தலுக்குள் போய், எல்லோருக்கும் தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு முழு பாட்டில் தண்ணீரைக் குடித்தார். தண்டனை அனுபவிக்கிறவரைப்போல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி உட்கார்ந்தால் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியாக இல்கா வந்து உட்கார்ந்தபோது, அவர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவளிடம் நீட்டினார். மீன் என்று சொல்லவில்லை. "இந்தா இல்கா" என்றார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அதோடு எவால்ட் திருந்தி, நல்ல மனிதராகி, கதை முடிந்தது என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. இந்த இனம் திருந்தாது, கட்சி மாறும்.

ஆகஸ்ட் பிறப்பதற்குள் அந்த வட்டாரத்தில் வெயிலைப் பற்றி எவால்டுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றாயிற்று. தபால்காரரை நிறுத்தி வைத்து, சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று கேட்டார். பேக்கரி வாசலில் உப்புப் பிரெட்செல் ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு, வேர்வையில் உப்பு எவ்வளவு போகிறது என்று வகுப்பெடுத்தார்; வெயிலில் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது. ஓட்டிலீ தோட்டத்தில் தக்காளி பறிக்கப் போனால் கடிகாரம் பார்த்தார். மூன்று வாரம் ஓய்வெடுத்துத் திரும்பிய கெர்னோட்டை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூரையில் விடவில்லை. அவன் ஒளிந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து மூன்றின் கதையும் மாறிவிட்டது. கோபுரம் அதே கோபுரம், சூடு இப்போது நாற்பத்திரண்டு. ஆனால் சட்டை கழற்றவில்லை, பீர் இல்லை. அன்றைக்கே, யாரும் சொல்வதற்கு முன்னாலேயே, எல்லோரையும் நிழலில் உட்கார வைத்துத் தானே தண்ணீர் சுமந்து கொடுத்தாராம். அந்தக் காலத்து ஆட்களுக்கு அந்த அறிவு இருந்ததாம்.

ஒருநாள் பந்தலுக்குள் இந்தப் புதுப் பதிப்பை முதல் தடவையாகக் கேட்ட கெர்னோட், இல்காவின் பக்கம் குனிந்து, இது பச்சைப் பொய் இல்லையா என்று கேட்டான்.

"பொய்தான்," என்றாள் இல்கா. "ஆனா இந்தப் பொய்யக் கேட்டுட்டு யாரும் கூரையில இருந்து விழ மாட்டாங்க. சொல்லட்டும் விடு."

எவால்டை இங்கே விட்டுவிடுவோம். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எனக்குக் கவலை உங்களைப் பற்றித்தான்.

வரும் சித்திரையில் உங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்க ஆள் வரும். நீங்கள் கீழே மின்விசிறிக்கு அடியில் கால் நீட்டியிருப்பீர்கள். பதினோரு மணிக்கு மேலே தட்டும் சத்தம் நின்றுபோகும். உடனே உங்கள் நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: "என்னப்பா, அதுக்குள்ள உக்காந்தாச்சா?" அது உங்கள் வாக்கியம் இல்லை என்றும், பக்கத்து வீட்டுக்காரர்தான் அப்படியெல்லாம் கேட்பார் என்றும் நீங்கள் சொல்வீர்கள். இருக்கலாம். எதற்கும், அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை மாடிக்குப் போய், அவர்களோடு பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள்.